நாற்பத்தொன்று

முதலில் டிக்ஸி ரோட்டுக் கடைகளில் பார்த்தேன்.
கழுவி, மினுக்கி, ரயருக்குக் கறுப்பு மை பூசி
மாப்பிள்ளைமாரைப் போல நிறுத்தியிருந்தார்கள்.
விலை கேட்டால் தேநீர் தந்தார்கள்.
குடித்து முடித்ததும் வட்டியைச் சொன்னார்கள்.

பிறகு ஏலம். மில்டனுக்கு அப்பால்
வங்கி பறித்த லொறிகள் பனியில் புதைந்து கிடக்கும் வளவு.
ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள்.
ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.
முப்பது செக்கனில் ஒருவனுடைய பத்து வருசம்
இன்னொருவன் பெயருக்குப் போனது.
பொக்கற்றுக்குள் வைத்த கையை எடுக்காமலே திரும்பினேன்.

நெடுஞ்சாலைக் கோப்பிக் கடைச் சுவரில் ஒரு கடதாசி,
கிழித்தெடுக்கும் வால்களில் தொலைபேசி எண்.
‘விபத்து இல்லை. நல்ல பராமரிப்பு.’
ஒரு வாலும் கிழிபடவில்லை.
“அதுவே ஒரு சேதி அக்கா” என்றான் ஜெகதாஸ்.
என்றாலும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான்.

போல்ட்டன். உப்புக் குவியலுக்குப் பின்னால்
வித்தோரியோவின் வளவு.
விலையை ஜெகதாஸிடம்தான் சொன்னார், முப்பத்தெட்டாயிரம்.
காசு யாருடையது என்று
ஜெகதாஸ் விரலால் என்னைக் காட்டினான்.

தானமாய் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
ஜெகதாஸ் கீழே படுத்துச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனான்.
டங். டங். டங்.
பின் அச்சருகே ஒரு டொப்.
“உப்புத் தின்றிருக்கு.”
கூலன்ற் தாங்கியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.
“தண்ணியும் குடிக்குது.”

நான் கதவடியில் நின்றேன்.
நாலு மணி வெயில் சரிந்தபோது
வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து
சுரண்டியும் போகாத ஓர் எண் மேலே வந்தது.
நாற்பத்தொன்று.

பதினாலு மாதம் இதற்குள் தூங்கியிருக்கிறேன்.

“ஹீட்டர் வலப்பக்கம் மட்டும்தான் ஊதும், என்ன?”
வித்தோரியோ திரும்பிப் பார்த்தார்.
நான் இடது காலுக்கு இரண்டு காலுறை போட்டு ஓட்டியவள்.
“முன் பம்பர் மாற்றினது.”
வாவாவில், விடியப்புறம், ஒரு மூஸ். அதன் கண்.
“மீற்றர் பொய்.”
அது ஒன்பது லட்சம் காட்டியது.
நான் இறங்கிய அன்றே பதினொரு லட்சம்.

அவருக்கு முகம் வெளிறிவிட்டது.
இரண்டு கை மாறி வந்ததாம், டாஷ்போர்டு மாற்றியது தெரியாதாம்.
நம்பினேன்.
மூடிய கம்பனிக்காரர் வேறு ஆள், வேறு ஊர்,
எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாத ஆள்.
ஒன்பது கிழமைச் சம்பளம்.

ஹீட்டருக்கு இவ்வளவு, கூலன்றுக்கு இவ்வளவு,
மீற்றருக்குப் பெரிதாக ஒன்று,
கடைசியில் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
“இது எதுக்கு?” என்றார்.
வாய் வரைக்கும் வந்தது.
“துருவுக்கு” என்றேன்.

துருவுக்கு நாலாயிரம்தான் விட்டார்.
அவருக்குச் சம்பந்தமில்லாத கடனில் அரைவாசி.
மறுக்கவும் மனமில்லை, நன்றி சொல்லவும் வரவில்லை.
மொத்தம் இருபத்திரண்டரை, வங்கிக் காசோலை,
திங்கட்கிழமை பரிசோதனையில் தப்பினால்.

ஏறி உட்கார்ந்தேன்.
கை தன்பாட்டில் சுவிட்சைத் தேடிப் போனது.
பின்னால் போய் மெத்தையைத் தூக்கினேன்.
பலகையில் என் நீலப் பேனைக் கோடுகள்,
ஒரு பயணத்துக்கு ஒன்று, அறுபத்திமூன்று.

அதற்குப் பிறகும் கோடுகள் இருந்தன.
கறுப்பு மை, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து,
பதினொன்று.
பன்னிரண்டாவது பாதியில் நின்றிருந்தது.

“என்னக்கா, உள்ளேயும் துருவோ?”
ஜெகதாஸ் கீழே நின்று கேட்டான்.
நான் விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினொரு பயணம் என்றால் எத்தனை கிழமை.